வாவிக்கரை ஓட்டம்

'ஓடு' என்னும் வினைச்சொல் தமிழிலே பல பொருள்களைத் தாங்கி நிற்பது. ஆறு ஓடுகிறது, தோணி ஓடுகிறது, காலம் ஓடுகிறது, அச்சங்கொண்டவன் ஓடுகிறான், ஆட்டக்களத்துச் சிறுவனும் ஓடுகிறான். மட்டக்களப்பு நாட்டிலே இச்சொல் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அடைந்துவந்த பொருள்மாற்றங்களை ஒருவர் வரிசையாக நோக்குவாராயின், அந்நாட்டு மக்களின் தேகநிலை மாறிவந்த வரலாறும் உடன் புலப்படும். முன்னாளில் ஓட்டம் ஒரு தொழிலாக இருந்தது. பின்னர் அது பள்ளிக்கூடத்து மைதானத்திற் புகுந்தது. இடையிலே உயிர் பிழைக்கும் வழியாகவும் ஆயிற்று. இன்று அது நோய் தடுக்கும் மருந்தாக மீண்டும் வேண்டப்படுகின்றது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதற்கும் வங்கக் கடலுக்கும் இடையிலே அமைந்த ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இரு கரைகளுக்கும் பெயராயின. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையோர் பலர். விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் அவர்கள் துறைக்கு நடந்து, தோணியேறி, அக்கரையில் இறங்கி, வரம்பு வழியே மீண்டும் நடந்து தம் வட்டையை அடைந்தனர். மாடு கலைத்தல், கட்டுச் சுமத்தல், சூடடித்தல், பன்றிக்குக் காவலிருத்தல் என்று பகலும் இரவும் உடல் அசைந்துகொண்டே இருந்தது. வீட்டிலிருந்த பெண்களும் நெல்லைக் குத்தினர், மாவை இடித்தனர், கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்தனர். ஆதலால் சோறும் மீனும் எருமைத் தயிரும் வயிறார உண்ட போதிலும், உண்டது உடலிலே தங்குவதற்கு இடமில்லை. உடல் மெலிவதற்கென்று ஒருவன் தனியே ஓட வேண்டும் என்று அக்காலத்தவர்க்கு யாரேனும் கூறியிருந்தால், அவர்கள் நகைத்திருப்பர்.

அக்காலத்திலே ஓட்டத்தையே சீவனோபாயமாகக் கொண்டவரும் இருந்தனர். புகையிரதமும் வண்டிப் பாதையும் எட்டாத பகுதிகளில், பிரித்தானியர் ஆட்சியிலே தபாலைக் கொண்டு சென்றவர்கள் கால்நடை ஓட்டக்காரர்களே. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832 ஆம் ஆண்டிலேயே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும் காடும் ஆறும் குறுக்கிட்ட தொலைவிடங்களுக்குக் கடிதப் பையைத் தோளிலே தூக்கி ஓடுவோரின் சேவை நெடுங்காலம் வேண்டப்பட்டது. ஒருவர் குறித்த எல்லை வரை ஓடுவார். அங்கே காத்து நிற்பவர் பையை வாங்கிக்கொண்டு அடுத்த எல்லையை நோக்கி ஓடுவார். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இவ்வேவலர் அஞ்சலோட்டக்காரர் என்றே வழங்கப்பட்டனர். மணி கட்டிய கோலொன்று அவர் கையில் இருக்கும். அம்மணியோசை கேட்டதும் வழியிலுள்ளோர் ஒதுங்கி இடங்கொடுப்பர்.

அத்தொழில் மறைந்துவிட்டது, ஆனால் அதன் பெயர் மறையவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளில் நால்வர் கோலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி ஓடும் பந்தயத்துக்கு அஞ்சலோட்டம் என்று பெயர். போட்டி முடிவிலே ஆரவாரத்துக்கிடையில் அந்தக் கோலைப் பற்றி ஓடும் மாணவன், தபாற்பை சுமந்து காட்டுவழி ஓடிய ஒருவனுடைய பெயரையே தன் ஆட்டத்திலும் சுமக்கின்றான் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

தொழில் ஒழிந்த வேளைகளில் ஊரவர் ஆடிய ஆட்டங்களும் உடலுக்கு உரமூட்டின. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகிக் கொம்புகளைப் பிணைத்து இழுத்தனர். கிளித்தட்டோ ஓட்டமே உயிராக அமைந்த ஆட்டம். நிலத்திலே நீளக் கோடும் குறுக்குக் கோடுகளும் கீறப்படும். ஒரு கட்சியினர் குறுக்குக் கோடுகளில் நின்று மறிப்பர். அவர்களுள் ஒருவர் கிளியாகி நடுக்கோட்டிலும் ஓரங்களிலும் ஓடித் திரிவார். மறு கட்சியினர் அவர்கள் கையிற் படாமல் கட்டங்களைக் கடந்து சென்று மீள வேண்டும். நிற்பதும் திடீரெனப் பாய்வதும், ஏய்த்துத் திரும்புவதும் மூச்சு வாங்க மீண்டும் நிற்பதுமாக இவ்வாட்டம் நடைபெறும். விரைந்த ஓட்டத்தையும் சிறு ஓய்வையும் மாறி மாறி அமைத்துப் பயிற்றும் முறையை ஐரோப்பியப் பயிற்றுநர் இருபதாம் நூற்றாண்டிலே வகுத்தனர். வாவிக்கரைச் சிறுவர் அதனை நிலவொளியிலே விளையாட்டாகச் செய்துவந்தனர்.

ஓட்டத்தை ஒரு கல்வியாகப் பயிற்றும் வழக்கம் பாடசாலைகளோடு வந்தது. 1814 ஆம் ஆண்டிலே வெசுலியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியார் புளியந்தீவில் தொடங்கிய கல்விப்பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 ஆம் ஆண்டிலே கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. பிரித்தானியக் கல்விமுறையை ஒட்டி இல்லங்களாகப் பிரிந்து போட்டியிடுதல், அளந்த தடத்திலே ஓடுதல், நேரத்தைக் கணித்தல் என்பன இத்தகைய பாடசாலைகள் வழியாகவே ஊர்களிற் பரவின. 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது, சுதந்திரமடைந்து சில மாதங்களே ஆன நாட்டின் பள்ளி மைதானங்களுக்கெல்லாம் அது புதிய ஊக்கத்தைத் தந்தது.

அக்கால எல்லையிலே மட்டக்களப்பு விளையாட்டுத் துறைக்கு அமெரிக்க யேசுசபைக் குருமார் சிலர் ஆற்றிய பணி நினைக்கத் தக்கது. புனித மிக்கேல் கல்லூரியிலே பணிபுரிந்த வணபிதா வெபர் அவர்கள் மெய்வல்லுநர் பயிற்சிக்கு ஆற்றிய தொண்டின் நினைவாக, மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு வெபர் அரங்கு என்றே இன்றும் வழங்குகின்றது. அக்கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியை நாடறியச் செய்தவர் வணபிதா இயூஜீன் ஹேபர்ட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்து, 1948 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த அவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களோடு வாழ்ந்தார். 1990 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தமது ஸ்கூட்டரிலே புறப்பட்ட அவரும், உடன் சென்ற இளைஞரொருவரும் திரும்பி வரவில்லை. மைதானத்திலே பல தலைமுறை மாணவரை ஓடப் பழக்கிய ஒருவரின் வாழ்வு இவ்வாறு மறைந்தது.

பாடசாலையிலே ஓட்டம் சிறப்புற்ற அதே காலத்தில், அன்றாட வாழ்விலே நடையும் ஓட்டமும் சிறிது சிறிதாகக் குறையலாயின. 1924 ஆம் ஆண்டிலே கல்லடிப் பாலம் கட்டப்பட்டது. 1928 ஆம் ஆண்டிலே புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. துவிச்சக்கர வண்டியும், பின்னர் மோட்டார்ச் சைக்கிளும் ஒழுங்கைதோறும் புகுந்தன. எருமை மிதித்த சூட்டை உழவு இயந்திரம் மிதித்தது; உலக்கையின் வேலையை நெல் ஆலை ஏற்றது. நெடுங்காலம் 'பாதை' என்று மக்கள் அழைத்த மிதவைப் படகிலே கடந்துவந்த மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது. இவை யாவும் வேண்டப்பட்ட நன்மைகளே. நோயாளி விரைந்து வைத்தியசாலையை அடைந்தார். விளைபொருள் அழியாமற் சந்தையை அடைந்தது. படகுக்குக் காத்துநின்ற கர்ப்பிணிப் பெண்ணின் துயரை அறிந்த எவரும் பாலத்தைக் குறைகூறார். ஆயினும் கணக்கில் ஒரு பிழை நேர்ந்தது. உடலின் செலவு குறைந்தது. தட்டிலே விழும் சோற்றின் அளவு குறையவில்லை.

இப்பிழை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. இயந்திரம் முந்திப் புகுந்த நாடுகளே அதனை முந்தி உணர்ந்தன. 1953 ஆம் ஆண்டிலே ஜெரமி மொரிஸ் என்னும் பிரித்தானிய வைத்திய அறிஞர் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளிலே பணிபுரிந்தோரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டு விற்ற நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகக் காணப்பட்டது. இருவருக்கும் வண்டி ஒன்று, ஊர் ஒன்று. கால்களின் உழைப்பே அவர்களிடையே காணப்பட்ட பெரிய வேறுபாடு.

1960 ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவில் நியூசீலாந்தைச் சேர்ந்த பீற்றர் சினெல், மரே ஹல்பேர்க் ஆகிய இருவரும் ஒரே நாளிலே தங்கப் பதக்கம் பெற்றனர். இருவருக்கும் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட். அவர் வீரர்களுக்கு மாத்திரமன்றி, பருத்த நடுவயதினருக்கும் இதயநோய் கண்டவர்களுக்கும் மெல்லோட்டத்தைப் பழக்கினார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு மேற் செல்லலாகாது என்பது அவர் விதி. 1962 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக்குச் சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அக்கூட்டத்தோடு ஓட முற்பட்டார். எழுபது வயதைக் கடந்தவரும் முன்னர் மாரடைப்புக் கண்டவருமான ஒரு முதியவர், பின்தங்கி மூச்சுத் திணறிய பவர்மனுக்குத் துணையாகத் தம் வேகத்தைக் குறைத்து ஓடி வந்தாராம். நாணமுற்ற பவர்மன் தாய்நாடு திரும்பி, ஓர் இதயநோய் வைத்தியரோடு சேர்ந்து 1967 ஆம் ஆண்டிலே மெல்லோட்டம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். மறு ஆண்டிலே கெனத் கூப்பர் என்னும் வைத்தியரின் நூலும் வெளிவர, அமெரிக்க நகரங்களின் வீதிகளில் சாதாரண மக்களும் ஓடத் தொடங்கினர்.

அவர்களுள் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் என்பவரின் கதை இரு பக்கமும் கூருள்ள வாள் போன்றது. புகைபிடிப்பவரும் மிகப் பருத்தவருமாயிருந்த அவர் முப்பத்தைந்து வயதளவில் ஓடத் தொடங்கி, ஏறக்குறைய 60 இறாத்தல் எடையைக் குறைத்தார். 1977 ஆம் ஆண்டிலே அவர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. 1984 ஆம் ஆண்டில், 52 ஆம் வயதிலே, ஓடி முடித்த வேளையில் மாரடைப்பால் இறந்தார். அவர் தந்தையாரும் இளவயதிலேயே இதயநோயால் இறந்தவர். ஓட்டம் நன்மை தருவது. ஆயினும் வைத்தியரின் சோதனைக்கு அது ஈடாகாது என்ற பாடத்தை அவர் வாழ்வும் சாவும் ஒருங்கே கற்பித்தன.

உலகம் இவ்வாறு உடல்நலம் கருதி ஓடப் பழகிய காலத்திலேதான், மட்டக்களப்பிலே ஓட்டம் என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் ஏற்பட்டது. 1980களில் தொடங்கிப் போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே வைகறை இருளில் வீதியில் ஓடுபவன் ஐயத்துக்கு உரியவனானான். ஊரடங்கும் சோதனைச் சாவடியும் உள்ள இடத்திலே காலை ஓட்டம் என்பது எண்ணவும் இயலாதது. மக்கள் ஓடியது உயிரைக் காக்கவே. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நாவலடியிலும் கல்லடியிலும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் வாழ்ந்தோர் ஓடினர். ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. ஓடுவதற்கும் இடமற்ற நிலம் அது. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் வாகரைப் பகுதி மக்கள் குழந்தைகளைத் தோளிலே சுமந்து காட்டுவழியாகவும் நீர்வழியாகவும் மீண்டும் ஓடினர். 2007 ஆம் ஆண்டிலே கிழக்கிலும் 2009 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் போர் முடிவுற்றது. ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டால் மைதானம் நினைவுக்கு வராமல் மூட்டை முடிச்சு நினைவுக்கு வரும் ஒரு தலைமுறை அதற்குள் உருவாகியிருந்தது.

போர் ஓய்ந்தபின் வேறொரு பகை தெளிவாகத் தெரியலாயிற்று. இலங்கையில் இன்று நிகழும் இறப்புகளில் நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் முதலிய தொற்றாத நோய்களால் நேர்பவை நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவை. தென்னாசியர் உடலிலே கொழுப்பு வயிற்றின் உள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து தங்கும் இயல்பு மிகுதி. ஆதலால் பார்வைக்குப் பருமனாகத் தோன்றாதவருக்கும் நீரிழிவு வருகின்றது. கிலோகிராமில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்து வரும் எண் 25 ஐத் தாண்டினால் எடை மிகை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கு 23 இலேயே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு 2004 ஆம் ஆண்டிலே கூறியது. 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அவ்வெல்லை ஏறக்குறைய 59 கிலோகிராம் ஆகும்.

ஓடினால் எடை குறையுமா என்ற வினாவுக்கு நேர்மையான விடையைக் கணக்கே தரும். ஒரு கிலோகிராம் எடையுள்ள உடற்பகுதியை ஒரு கிலோமீற்றர் ஓட்டிச் செல்வதற்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். எனவே 70 கிலோகிராம் எடையுள்ளவர் 5 கிலோமீற்றர் ஓடினால் 350 கலோரி செலவாகும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பிலே சேர்ந்திருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. உணவு மாறாதிருக்க, வாரம் மூன்று நாள் ஓடுபவருக்கு ஒரு கிலோகிராம் குறைய ஏழு வாரங்களுக்கு மேற் செல்லும். ஓடிய களைப்பிலே சீனி மிகுந்த தேநீரும் இரண்டாம் முறை சோறும் உண்பாராயின் அதுவும் குறையாது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரிதும் உணவின் அளவையே பேசுவதன் நுட்பம் இங்கே விளங்கும். ஓட்டத்தின் பெரும்பயன் தராசிலே உடனே தெரிவதன்று. வயிற்றுக் கொழுப்புக் குறைகின்றது, தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்கு ஏற்கின்றன, இரத்த அழுத்தம் தணிகின்றது, உறக்கம் சீராகின்றது. எடை மாறவில்லை என்று ஒரு மாதத்திலே கைவிடுவோர், வந்து சேர்ந்துகொண்டிருந்த நன்மையை வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றனர்.

பழகும் முறையும் எளியதே. முதற் சில வாரங்கள் விரைந்து நடத்தல். அதன்பின் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடத்தல். பின்னர் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தல். வாரத்திலே 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு, குறைந்த அளவாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாவிக்கரையின் புழுக்கத்திலே வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆதலால் சூரியன் எழுமுன் ஓடுவதே தக்கது. கடற்கரைப் பொருமணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். தொடங்குபவர் அலை நனைத்து இறுகிய மணலைத் தேர்தல் நலம். நீரிழிவுக்கு மருந்து உண்போரும், நெஞ்சுவலி கண்டோரும், நாற்பதைக் கடந்தோரும் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். நீரிழிவுள்ளவர் வெறுங்காலோடு ஓடலாகாது. காலிலே உணராத சிறு புண்ணும் பெருந்துன்பமாக முடியும்.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே காற்றெனப் பறந்த மாணவியர் பலர், பள்ளியை விட்ட நாளோடு ஓட்டத்தையும் விட்டுவிடுகின்றனர். ஊரார் என் சொல்வார் என்னும் அச்சம் கால்களுக்குத் தளையாகின்றது. ஒலிம்பிக் விழாவிலேயே பெண்களுக்கு மரதன் ஓட்டம் 1984 ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாக நடத்தப்பட்டது. இத்தடை உலகெங்கும் இருந்ததே. இலங்கையின் இரண்டாவது ஒலிம்பிக் பதக்கத்தை, 2000 ஆம் ஆண்டு சிட்னி நகரிலே 200 மீற்றர் ஓடிப் பெற்றவர் சுசந்திகா ஜயசிங்க என்னும் கிராமத்துப் பெண்மணி. பதக்கம் எல்லோருக்கும் வேண்டுவதன்று. ஒரு தாய் தனது ஐம்பதாம் வயதிலே ஊசி மருந்தின்றி நடமாடுவதே ஒரு குடும்பத்துக்குப் போதிய பரிசு. இருவர் மூவராகச் சேர்ந்து புறப்பட்டால் ஊரின் பேச்சும் நாளடைவில் ஓயும்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலே மரதன் ஓட்டம் என்ற பெயரில் இளைஞர் ஊரைச் சுற்றி ஓடுவதை வாவிக்கரைக் கிராமங்களில் இன்றும் காணலாம். வீட்டு வாயில்களில் நின்று முதியோர் அவர்களுக்கு நீர் கொடுக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு நாள் நிகழும் அக்காட்சி வாரத்துக்கு மூன்று நாள் நிகழுமாயின், நீர் கொடுக்கும் கைகளும் மெல்ல வாயிலைத் தாண்டி வெளியே வருமாயின், அது புதிய நாகரிகம் ஒன்றைக் கடன்வாங்கியதாகாது. தபாற்பை சுமந்தவரும் கிளித்தட்டு மறித்தவரும் விட்டுச்சென்ற முதுசொம்மை மீட்டதாகும். 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தின் அருகே பழைய பாலமும் நிற்கின்றது. வைகறையிலே அங்கே ஒரு மனிதர் ஓடி வரும்போது, அவரைத் துரத்துவது யார் என்று எவரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத காலம் வந்திருக்கின்றது. அக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்வது அம்மக்களின் கால்களிலேயே தங்கியுள்ளது.